உத்தரவும் கையெழுத்தும்

(மாவட்ட நூலகம் ஒன்றில், சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் நடுவே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த நூலகத்தின் மாடியில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்து படிப்பவர்களில் பாதிப் பேர் காவலர் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று நூலகர் சொன்னார். அதனால்தான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன். பொதுமக்கள் முன்னால் போலீசைத் திட்டுவது சுலபம், கைதட்டலும் நிறையக் கிடைக்கும். நாளைக்குக் காக்கி போடப்போகிறவர்கள் முன்னால் பேசுவது வேறு மாதிரி. நீங்கள் இன்னும் யாரையும் அடித்ததில்லை. யாருடைய கைது நேரத்தையும் மாற்றி எழுதியதில்லை. உங்களோடு இதைப் பேச இதைவிட நல்ல வேளை வாய்க்காது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாருக்காவது தூக்கம் வந்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஒரு காவல் நிலையம் நியாயமாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அங்கே இருப்பவர்கள் நல்லவர்களா என்று நான் விசாரிக்க மாட்டேன். நல்லவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். அங்கே நடந்த ஒவ்வொரு காரியத்துக்கும் ‘செய்தவர் இவர், செய்யச் சொன்னவர் இவர்’ என்று பெயர் சொல்ல முடிகிறதா என்றுதான் பார்ப்பேன். ‘டீம் போயிருந்தது’, ‘மேலிடத்து உத்தரவு’, ‘ஸ்டேஷன்னா அப்படித்தான்’ என்றெல்லாம் பதில் வந்தால், அங்கே யாரோ ஒருவர் அநியாயமாக அடிபட்டிருக்கிறார் அல்லது அடிபடப்போகிறார்.

இது நேற்று வந்த வியாதி அல்ல. 1854-ல், சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் குடிமக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற பேச்சு லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற மூவரைக் கொண்டு ஓர் ஆணையம் அமைத்தார்கள். 1855-ல் அறிக்கை வந்தது. விரல்களை மரச்சட்டங்களுக்கு இடையில் வைத்து நெரிக்கும் கிட்டி, உடம்பைக் குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது, கண்ணில் மிளகாய்ப்பொடி. எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. வரிப் பாக்கி என்னவோ சில ரூபாய்தான்.

காரணத்தில் ஒரு பாதியை அந்த ஆணையம் சரியாகப் பிடித்தது. வரி வசூலிக்கும் தாசில்தாரின் கையிலேயே போலீஸ் அதிகாரமும் இருந்தது. வசூல் பண்ணவேண்டிய ஆளிடமே அடிக்கும் அதிகாரத்தையும் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. இரண்டையும் பிரிக்கவேண்டும் என்ற பேச்சு வலுத்து, 1859-ல் சட்டம் வந்து, மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் உருவாயிற்று. ஆகவே, நீங்கள் சேரத் துடிக்கும் இந்தத் துறை பிறந்ததற்கு அந்தச் சித்திரவதை அறிக்கையும் ஒரு காரணம். தேர்வில் இதைக் கேட்க மாட்டார்கள், கேட்டால் நன்றாக இருக்கும்.

மறு பாதியில் ஆணையம் கண்ணை மூடிக்கொண்டது. பழி முழுவதும் சுதேசிச் சேவகர்கள் தலையில் விழுந்தது. மேலே இருந்த ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் சம்பந்தமில்லை, அவர்கள் இதைத் தடுக்கத்தான் பார்த்தார்கள் என்று எழுதி முடித்தது. காஜுல லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று நடத்திய சென்னை சுதேசி சங்கம் இதை ஏற்கவில்லை. 1857-ல் இந்த அறிக்கையைப் பற்றி நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதிய கார்ல் மார்க்சும் ஏற்கவில்லை. இந்தத் தேதிக்குள் இவ்வளவு வசூல் வந்தாகவேண்டும் என்று நெருக்கியது யார்? வசூல் வந்ததும் அது எப்படி வந்தது என்று கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டது யார்? கிட்டியைப் பிடித்த கைக்குப் பெயர் கிடைத்தது. அந்தக் கையை ஏவிய வாய்க்குப் பெயர் கிடைக்கவில்லை.

அங்கிருந்து ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் தாண்டி, வாச்சாத்திக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

தருமபுரி மாவட்டத்தில், அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்து ஊர். மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டையைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி அரசுப் படை ஒன்று அந்த ஊருக்குள் நுழைந்தது. வனத்துறையினர் 155 பேர், போலீஸ் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர். மொத்தம் 269. ஆண்களில் பலர் மலைக்குள் ஓடிவிட்டார்கள். இருந்தவர்களை, பெரும்பாலும் பெண்களையும் பிள்ளைகளையும் வயதானவர்களையும், ஒரு மரத்தடியில் கூட்டி உட்கார வைத்து அடித்தார்கள். அவர்களிலிருந்து 18 பெண்களைத் தனியே பிரித்து ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. தானியம் பாழாயிற்று. கிணறுகளைக்கூட விட்டுவைக்கவில்லை. சிறைக்குக் கொண்டுபோனவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகளும் உண்டு.

அன்றைய அரசு இதை மறுத்தது. கடத்தல்காரர்கள் கிளப்பிவிடும் கதை என்றார்கள். இப்போது கவனித்துக் கேளுங்கள். 269 பேர் போயிருந்தார்கள். எல்லோரும் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்கள், சட்டத்தைக் காக்க உறுதிமொழி எடுத்தவர்கள். உண்மை அந்த 269 பேரிடமிருந்து வெளியே வரவில்லை. அதை வெளியே கொண்டுவந்தவர்கள் அந்த ஊர்ப் பெண்கள், தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்கள், வழக்குத் தொடுத்த மார்க்சிஸ்ட் கட்சியின் நல்லசிவன். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் சார்பில் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்த பாமதி என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியையும் மறக்கக் கூடாது. அரசு ஊழியர் ஒருவர் அரசு சொன்னதையே திருப்பிச் சொல்லாமல் தான் பார்த்ததை எழுதினார். உண்மையில் அந்த வேலைக்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் அப்படி எழுதுகிறவர்கள் குறைவு என்பதால் முப்பது வருடம் கழித்தும் நாம் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

1995-ல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. 269 பேர் மீதும் குற்றப்பத்திரிகை. 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 126 பேர் வனத்துறை, 84 பேர் போலீஸ், 5 பேர் வருவாய்த்துறை. பாலியல் வன்கொடுமைக் குற்றம் செய்த 17 பேரில் 12 பேருக்குப் பத்து ஆண்டு, 5 பேருக்கு ஏழு ஆண்டு. மற்றவர்களுக்கு அதைவிடக் குறைந்த தண்டனை.

அந்த ‘மற்றவர்கள்’ என்ற கூட்டத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேசவேண்டும். அவர்களில் பலர், ‘நான் யாரையும் தொடவில்லை, கூப்பிட்டார்கள், வண்டியில் ஏறினேன், நின்றேன், வந்தேன்’ என்று தங்கள் பெண்டாட்டி பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார்கள். சொல்லும்போது அவர்களே அதை நம்பியும் இருப்பார்கள். சட்டம் அதை நம்பவில்லை. சட்டவிரோதமாகக் கூடிய கூட்டத்தில் தெரிந்தே இருந்தால், அந்தக் கூட்டத்தின் காரியத்தில் உனக்கும் பங்கு என்பது பழைய விதி. ஊர்க்காரர்கள் கல்லெறிந்தால் போலீஸ் அவர்கள் மேல் போடுகிற விதிதான். அதே விதி சீருடைக்கும் பொருந்தும் என்று தருமபுரியில் நிரூபணமாயிற்று.

2023 செப்டம்பர் 29-ல், அதே தேதியில், மேல்முறையீட்டைத் தள்ளி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி பி. வேல்முருகன், தீர்ப்புக்கு முன்பு வாச்சாத்திக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியம். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா பத்து லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும், அதில் ஐந்து லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவேண்டும் என்றார். இன்னொன்று, அன்று மாவட்ட ஆட்சியராகவும் காவல் கண்காணிப்பாளராகவும் மாவட்ட வன அதிகாரியாகவும் இருந்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றார். 1855-ல் ஆணையம் மேலே ஏறாமல் இறங்கிவிட்ட படி ஒன்று உண்டல்லவா, அந்தப் படியில் இந்தத் தீர்ப்பு ஏறிற்று. சம்பவம் நடந்து 31 ஆண்டுகளுக்குப் பிறகு. இதைக் கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. 1992-ல் அந்த அதிகாரிகளின் மேசையில் யாராவது ‘செய்யச் சொன்னது யார்’ என்ற கேள்வியை வைத்திருந்தால், ஒரு தலைமுறை நீதிமன்ற வாசலில் காத்திருந்து கிழமாகியிருக்காது.

சரி, உத்தரவு என்ற சமாதானத்துக்கு வருவோம். மேலதிகாரி சொன்னார், செய்தேன். சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா? கொடுக்கிறது, ஒரு நிபந்தனையோடு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 76-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 14-ஆம் பிரிவு. சட்டப்படி கட்டுப்பட்டு ஒரு காரியத்தைச் செய்தவன் குற்றவாளி அல்ல. அதற்குப் பழைய சட்டமே ஓர் உதாரணம் சொல்கிறது: மேலதிகாரியின் உத்தரவுப்படி கலகக் கூட்டத்தின் மேல் சுட்ட சிப்பாய். அதையும் சட்டத்தின் கட்டளைகளுக்கு இணங்கச் சுட்டிருந்தால் மட்டுமே குற்றமில்லை. உத்தரவு வந்தது என்பது மட்டும் போதாது, அந்த உத்தரவு சட்டத்துக்குள் இருக்கவேண்டும்.

விசாரணையில் ஒருவரை அடி என்ற உத்தரவு சட்டத்துக்குள் இருக்க வழியே இல்லை. ஒப்புதல் வாங்குவதற்காகவோ தகவல் வாங்குவதற்காகவோ காயப்படுத்தினால் ஏழு ஆண்டு வரை, கொடுங்காயமானால் பத்து ஆண்டு வரை சிறை என்று அதே சன்ஹிதாவின் 120-ஆம் பிரிவு சொல்கிறது. இதுவும் 1860-லிருந்து சட்டப் புத்தகத்தில் இருப்பதுதான். ஆகவே அப்படி ஓர் உத்தரவை யாரும் எழுத்தில் தரமாட்டார்கள். தலையை ஆட்டுவார்கள், ‘கவனிச்சு விசாரி’ என்பார்கள். ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கான 1968-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்கவேண்டும், வாய்மொழியாக வந்தால் பிறகு எழுத்தில் உறுதி செய்து வாங்கவேண்டும் என்று இருக்கிறது. மேலே உள்ளவர்கள் தங்கள் பாதுகாப்புக்காக வைத்துக்கொண்ட இந்த ஏற்பாடு, கீழே உள்ள காவலருக்குத்தான் அதிகம் தேவை.

அடிப்பது ஏன் இன்னும் நிற்கவில்லை? கொடூர மனம் என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நம் சட்டம் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் ஏற்பதில்லை. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. இன்று பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-ஆம் பிரிவு. தன்னுடைய போலீசையே நம்பாமல் ஓர் அரசு எழுதிவைத்த விதி இது, அடித்து வாங்கியது எது, தானாகச் சொன்னது எது என்று பிரிக்க முடியாது என்பதால். ஆனால் அதில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்த வாக்குமூலத்தின் பேரில் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். பழைய 27-ஆம் பிரிவு. ஸ்டேஷன் பாஷையில் இதன் பெயர் ரெக்கவரி. நகைத் திருட்டுப் புகாரில் புகார்தாரருக்கும் நகை வேண்டும், ஆய்வாளருக்கும் நகை வேண்டும், மாதாந்திரக் கூட்டத்தில் மேலே கணக்குக் காட்டவும் நகை வேண்டும். அந்த நெருக்கடி முழுவதும் இறங்கி வந்து விழுவது சந்தேகத்தின் பேரில் பிடித்து உட்கார வைக்கப்பட்ட ஓர் ஆளின் முதுகில்.

சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் 2025 ஜூனில் நடந்தது இதுதான். கோயிலில் காவலாளியாக இருந்த 27 வயது இளைஞர். காரிலிருந்த நகை காணோம் என்று புகார். தனிப்படை வந்து விசாரித்தது. இளைஞர் இறந்தார். உடம்பில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி: இந்த வழக்கைத் தனிப்படை எடுத்தது யாருடைய உத்தரவின் பேரில்? தனிப்படை என்பது பல நேரம் எந்த ஸ்டேஷன் கணக்கிலும் சேராத கூட்டம். ஸ்டேஷனில் பொது நாட்குறிப்பு இருக்கிறது, கேமரா இருக்கிறது, பொறுப்பில் ஓர் ஆள் இருக்கிறார். அந்த இளைஞரைக் கொண்டுபோய் அடித்த மறைவான மாட்டுக்கொட்டகையில் அது ஒன்றும் இல்லை. அங்கே நடந்ததை யாரோ ஒருவர் ஒளிந்திருந்து செல்போனில் எடுத்ததால் வெளியே தெரிந்தது. பிறகு தனிப்படைகள் கலைக்கப்பட்டன, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

பெயர் போடவேண்டும் என்பதை உச்சநீதிமன்றம் என்றைக்கோ சொல்லிவிட்டது. 1986-ல் மேற்கு வங்கத்தில் இலவச சட்ட உதவி அமைப்பை நடத்திய டி.கே. பாசு, லாக்கப் சாவுகள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சேர்த்துத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காகி, 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பதினொரு கட்டளைகள். முதல் கட்டளை என்ன தெரியுமா? கைது செய்கிறவரும் விசாரிக்கிறவரும் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் பட்டை அணிந்திருக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்: கைதுக் குறிப்பு, அதில் சாட்சியின் கையெழுத்து, கைதானவரின் கையெழுத்து, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை. இவற்றில் பலவும் பின்னால் சட்டமாகவே ஆயின. நீங்கள் மனப்பாடம் செய்யும் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 36-ஆம் பிரிவைப் பாருங்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் பார்க்காதீர்கள்.

ஆனால் கையெழுத்துகள் இருந்தால் போதுமா? சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19, ஊரடங்குக் காலம். செல்போன் கடை நடத்திவந்த தந்தையையும் மகனையும் கடையைத் திறந்து வைத்த விவகாரத்தில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் கோவில்பட்டிக் கிளைச் சிறை. 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23-ஆம் தேதி காலை தந்தை. ஸ்டேஷனுக்கும் சிறைக்கும் நடுவில் இருந்த படிகளை எண்ணிப் பாருங்கள். அவர்கள் உடல் தகுதியோடு இருக்கிறார்கள் என்று ஒரு மருத்துவர் சான்று எழுதினார். ஒரு நீதித்துறை நடுவர் ரிமாண்டுக்கு உத்தரவிட்டார். சிறையில் ஒருவர் கையெழுத்துப் போட்டு உள்ளே வாங்கினார். அடித்தவர்களைப் பற்றி ஊரே பேசிற்று. அடிக்காமல், பார்க்காமல், கேட்காமல் காகிதத்தை நகர்த்தியவர்களைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. சட்டம் அந்தப் படிகளை வைத்ததே, முதல் படியில் அநியாயம் நடந்தால் அடுத்த படியில் ஒருவராவது நிறுத்துவார் என்பதற்காகத்தான். சட்டையை விலக்கிப் பார்க்காத சான்றிதழும், முகத்தைப் பார்த்து ‘உன்னை அடித்தார்களா’ என்று கேட்காத ரிமாண்டும் அந்தப் படிகளை வெறும் சடங்காக்கிவிடும்.

அதே ஸ்டேஷன் கதையில்தான் வேறு விதமாக நடந்துகொண்ட இருவரும் வருகிறார்கள். உயர்நீதிமன்றம் அனுப்பி விசாரிக்க வந்த கோவில்பட்டி நடுவருக்கு ஸ்டேஷனுக்குள்ளேயே மரியாதை கிடைக்கவில்லை. ஆவணம் தர மறுத்தார்கள், ஏளனமாகப் பேசினார்கள். கேமரா பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது, வன்தட்டில் இடம் ஏராளமாக இருந்தும். அவர் அத்தனையையும் அப்படியே எழுதி மேலே அனுப்பினார். காவல் நிலையம் ஒன்றை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதற்கு முன்னால் தமிழ்நாட்டில் அப்படி ஓர் உத்தரவை யாரும் கேள்விப்பட்டதில்லை.

இன்னொருவர் அந்த இரவில் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர். இரவு முழுவதும் அடித்தார்கள் என்றும், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்தது என்றும் நடுவரிடம் வாக்குமூலம் கொடுத்தார். வெளியே சக காவலர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே கொடுத்தார். அவர் கையெழுத்துப் போடும்முன் தயங்கினார் என்பதும் நடுவரின் அறிக்கையில் இருக்கிறது. அந்தத் தயக்கத்தை மறைத்துவிட்டு அவரை வீராங்கனை ஆக்க எனக்கு விருப்பமில்லை. குடும்பம் இருக்கிறது, வேலை இருக்கிறது, நாளைக்கும் இதே ஆட்களோடு டூட்டி பார்க்கவேண்டும். பயந்துகொண்டேதான் எழுதிக்கொடுத்தார்.

கொஞ்சம் ஊர்க்காரர்கள் பக்கமும் திரும்புகிறேன், பின்வரிசையில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். மாவுக்கட்டுப் படங்களை யார் ரசிக்கிறார்கள்? ரௌடி என்று பிடிக்கப்பட்டவன் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று செய்தி வரும். கையில் கட்டோடு ஒரு படம். அதை நாம்தான் வாட்ஸ்அப்பில் சிரிப்புப் பொம்மைகளோடு அனுப்புகிறோம். காவல் நிலையக் கழிவறைகளில் சந்தேக நபர்கள் மட்டும் ஏன் வழுக்கி விழுகிறார்கள், எஸ்.ஐ. யாரும் ஏன் விழுவதில்லை என்று நமக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும் கேட்பதில்லை, ஏனென்றால் விழுந்தவன் கெட்டவன் என்று முடிவு செய்துவிட்டோம். அந்தப் படத்துக்குக் கைதட்டிப் பழகிய ஊரில்தான் ஒரு நாள் கடைக்காரரும் கோயில் காவலாளியும் உள்ளே போகிறார்கள். அவர்களுக்காக நாம் போராடினோம், சரிதான். மாவுக்கட்டுக்காரனுக்கு நடந்ததும் 120-ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ள இன்னும் தயாராகவில்லை.

நியாயம் என்று பேசும்போது காவலர்களுக்கு நியாயம் கிடைக்கிறதா என்பதையும் கேட்கவேண்டும். காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையைத் தமிழ்நாடு 1979-லேயே ரத்து செய்தது. 2022-ல் உயர்நீதிமன்றம் மறுபடியும் அதைப் பற்றிக் கண்டிக்கவேண்டியிருந்தது என்றால், நடுவில் 43 ஆண்டுகள் பயிற்சி முடித்த காவலர்கள் யார் வீட்டு நாயைக் குளிப்பாட்டினார்கள் என்று யோசியுங்கள். வாராந்திர ஓய்வு 2021-ல்தான் அரசாணையாக வந்தது. திருவிழா, தேர்தல், தலைவர் வருகை என்று தொடர்ந்து நின்று கால் வீங்கியவர், இரவு வந்து ஒரு சந்தேக ஆளை ‘விசாரிக்க’ உட்காரும்போது என்ன மனநிலையில் இருப்பார்? இது சமாதானம் அல்ல. பாரத்தை வீட்டுத் திண்ணையில் இறக்கி வைப்பதுபோலத் தன் கோபத்தை எதிரே இருப்பவன் மேல் இறக்கி வைக்க அவருக்கு உரிமை கிடையாது. ஆனால் ‘என்னை யார் நியாயமாக நடத்தினார்கள்’ என்று அவர் கேட்டால், துறைத் தலைமையும் அரசும் பதில் சொல்லவேண்டும். அந்தப் பொறுப்பும் பெயர் உள்ள பொறுப்புதான்.

நஷ்டஈட்டுக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒடிசாவில் 1987-ல் போலீஸ் பிடித்துச் சென்ற மகன் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தாய் உச்சநீதிமன்றத்துக்கு எழுதினார். 1993-ல் அரசு ஒன்றரை லட்சம் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அடிப்படை உரிமையை மீறியதற்கு அரசே நஷ்டஈடு தரவேண்டும் என்பதை உறுதியாக்கிய தீர்ப்பு அது. அரசு என்றால் யார்? வரி கட்டும் நாம். அடித்தவர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்க, அடிபட்ட குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வரியிலிருந்து காசு. வாச்சாத்தித் தீர்ப்பு அந்த ஐந்து லட்சத்தைக் குற்றவாளியின் சொந்தப் பையிலிருந்து எடு என்றதில் இருக்கிற நியாயம் இதுதான்.

புகார் சொல்லப் போகும் இடமும் சரியாக இல்லை. பிரகாஷ் சிங் என்ற ஓய்வுபெற்ற டி.ஜி.பி. தொடுத்த வழக்கில், போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை வகிக்கவேண்டும் என்று 2006-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2013-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதில் தலைவராக உள்துறைச் செயலாளரை வைத்தது. யார் மேல் புகாரோ அவர்களை நிர்வகிக்கும் துறையின் செயலாளர். இதற்கு மேல் நான் விளக்கவேண்டியதில்லை.

கூட்டத்துக்கு முன்னால் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: ‘சார், நாங்க முடியாதுன்னு சொன்னா வேலை போயிடுமே?’ மழுப்பாமல் பதில் சொல்கிறேன். சட்டவிரோத உத்தரவை மறுத்ததற்காக உங்களை வேலையை விட்டு நீக்கினால் அது நீதிமன்றத்தில் நிற்பது கடினம். ஆனால் தூரத்து மாவட்டத்துக்கு மாற்றுவார்கள். தொடர்ந்து இரவு டூட்டி போடுவார்கள். பதவி உயர்வுக் கோப்பு மேசையில் தூங்கும். கேன்டீனில் உங்களோடு உட்கார ஆள் இருக்காது. சாத்தான்குளம் தலைமைக் காவலருக்கு வீட்டு வாசலில் பாதுகாப்புப் போடவேண்டி வந்தது. இதெல்லாம் நடக்கும், நடக்காது என்று நான் சொன்னால் நீங்கள் என்னை நம்பக் கூடாது.

கீழ்ப்படிவதற்கும் மறுப்பதற்கும் இடையில் செய்யக் கூடியவை சில உண்டு. ஸ்டேஷனில் பொறுப்பு உங்களிடம் இருக்கும் நேரத்தில் யாரையாவது கொண்டுவந்தால், வந்த நேரத்தை நாட்குறிப்பில் எழுதிவிடுங்கள். உடம்பில் காயம் இருந்தால் காயத்தோடு வந்தார் என்று எழுதுங்கள். உங்களை ரைட்டராகப் போட்டுவிட்டு ‘காலையில் பஸ் ஸ்டாண்டில் பிடித்ததாக எழுது’ என்றால், அதில் உங்கள் கையெழுத்து இருக்கப்போகிறது என்பதை நினைவில் வையுங்கள். அப்படிச் சொன்னவர் கையெழுத்து அந்தத் தாளில் இருக்காது. மருத்துவமனைக்கு அழைத்துப்போனால் மருத்துவரிடம் ‘எல்லாம் சரிதான் சார்’ என்று நீங்களாகச் சொல்லாதீர்கள், அவர் பார்த்துச் சொல்லட்டும். நடுவர் முன்னால் நிறுத்தும்போது அந்த ஆளுக்கும் நடுவருக்கும் குறுக்கே நிற்காதீர்கள். இவற்றில் எதற்கும் யாரையும் எதிர்த்துப் பேசவேண்டியதில்லை. ஒன்றிரண்டுக்குத் திட்டு விழும். நீங்கள் எழுதிய அந்த நேரத்தை வைத்துத்தான் பின்னால் ஏதோ ஒரு வழக்கறிஞர் ஒருவனை விடுவிப்பார், அல்லது ஓர் ஆய்வாளர் தன் மேல் சுமத்தப்பட்ட பொய்ப் புகாரிலிருந்து தப்புவார். இரண்டும் நடந்திருக்கிறது.

நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகளை எடுத்துக்கொள்வோம். டீக்கடையில் கேட்ட தம்பியே முதலில் கேட்கட்டும், அவருக்கு என் பதில் முழுத் திருப்தி தரவில்லை என்று முகத்திலேயே தெரிகிறது.